மூன்று தறி வீட்டுக் குரல்

பள்ளிக்கூட வாசலில் பேரப்பிள்ளைக்காகக் காத்து நிற்கும் நம் வயதுக் கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நாம் தினமும் அங்கே மாநாடு நடத்துகிறோமே, அதில் ஒரு நாள் இதைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.

இப்போது பிள்ளைகளைப் பற்றி வீட்டுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. பேரன் இட்லியில் பாதியை மிச்சம் வைத்த செய்தி, பேரன் வருவதற்கு முன்பே மருமகளின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு மகனுக்கும் மருமகளுக்கும் நேரமில்லை என்று என்னை அனுப்பினார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் என்னை நானே மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது வேறு கதை. அந்த மிஸ், சின்னப் பெண், சிரித்த முகத்தோடு சொன்னாள்: "உங்க பேரன் கிளாஸ்ல ரொம்ப அமைதி, சார். வாயே திறக்க மாட்டான். குட் பாய்."

வேறு தாத்தாவாக இருந்தால் மீசையைத் தடவியிருப்பார். என் கை மீசைக்குப் போகவில்லை. ஏனென்றால் அதே நற்சான்றிதழை அதே மூன்றாம் வகுப்பில் நானும் வாங்கியிருக்கிறேன். கல்யாண வீட்டில் மைக் இல்லாமலே பந்திக்கு ஆள் கூப்பிடும் நான்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் மூன்று தறிகள். ஒன்றில் அப்பா, ஒன்றில் சித்தப்பா, அடுப்பு வேலை முடிந்த நேரமெல்லாம் மூன்றாவதில் அம்மா. விடிந்ததும் தொடங்கும். மேலே பூப்போடும் பெட்டி 'கடக்' என்று இறங்கும்; ஊடை நூலைச் சுமந்து நாடா குறுக்கே ஓடும்; பலகை வந்து 'டக்' என்று நூலை அடித்து நெருக்கும். மூன்றும் ஒரே தாளத்தில் ஓடினாலாவது பரவாயில்லை. மூன்று மேளக்காரர்கள் மூன்று கல்யாணத்துக்கு வாசிப்பதுபோல் இருக்கும்.

அதற்குள் பேசுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. பலகை அடித்து, மறுபடி அடிப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளிக்குள் இரண்டு சொல்லை எடுத்துக் கல்லெறிவதுபோல் எறிய வேண்டும். வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடித்து முடித்ததும் மீதியை எறிய வேண்டும்.

"கொழம்புல!" என்பாள் அம்மா.

டக்.

"உப்பு இருக்குதா!"

டக்.

"இருக்குது! ஆனா!" என்பார் அப்பா.

டக்.

"புளி ஜாஸ்தி!"

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் உள்ளே வெட்டுக்குத்து என்றுதான் நினைப்பார். எங்களுக்கு அதுதான் குடும்பம் நடத்துவது. கொஞ்சுவதும் அந்தக் குரலில்தான். அம்மா எனக்குத் தாலாட்டு பாடியதும் அப்படித்தான் இருந்திருக்கும். எப்படித் தூங்கினாய் என்று கேட்காதீர்கள். தறி நின்றால்தான் நான் விழித்துக்கொள்வேனாம்.

இரண்டாம் வகுப்பு வரை எங்கள் தெருப் பள்ளிக்கூடம். அங்கே அத்தனையும் தறி வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் நான் சாதாரணக் குரல்காரன். 'சத்தமாப் படிடா' என்று என்னை அதட்டியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு அப்பா என்னைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பாங்கு வேலைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். எனக்குப் புதிதாக ஒரு அலுமினியப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். மூடினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் அது எனக்கே கேட்காது. பள்ளிக்கூடத்தில் மூடியபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. அது ஒரு சூசகம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

டீச்சர் பெயர் கூப்பிட்டார். என் முறை வந்தது.

"உள்ளேன்!"

பழக்கப்படி வாயை மூடிக் காத்திருந்தேன். டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தார்.

"டீச்சர்!"

ஜன்னலில் இருந்த குருவிகள் பறந்துவிட்டன. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. "ஏம்பா, நான் என்ன பாலாத்துக்கு அந்தப் பக்கமா நிக்கறேன்?" என்றார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சேர்ந்த முதல் நாளே நாற்பது பேரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை.

ஒரு நாள் பாடத்தின் நடுவே எழுந்தேன்.

"டீச்சர்! எனக்கு!"

இல்லாத பலகை அடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"உனக்கு என்னடா?" என்று அவர் கேட்பதும், நான் மீதியை எறிவதும் ஒன்றாக நடந்தன.

"ஒண்ணுக்கு வருது!"

பக்கத்து வகுப்பு சார் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "போய்ட்டு வரச் சொல்லுங்க டீச்சர், பாவம்" என்றார்.

டீச்சர் கெட்டவர் இல்லை. அவருக்கு அடிக்கடி தலைவலி வரும். நான் திமிரில் கத்துகிறேன் என்று நினைத்தார். அதனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம் வந்தால், "நீ வெளிய தாழ்வாரத்துல நின்னு சொல்லு, எங்களுக்கு நல்லாவே கேக்கும்" என்று அனுப்பிவிடுவார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்து ஏழாம் வாய்ப்பாடு சொல்வேன். உள்ளே உட்கார்ந்து ஒப்பித்தவர்களைவிட எனக்குத் தனி மரியாதை கிடைத்திருப்பதாக நினைத்து வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

"என்னிய மட்டும்!" டக். "தனியா நிக்க வெச்சி!" டக். "பாடம் கேக்கறாங்க!"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "கெட்டிக்காரப் புள்ளன்னா!" டக். "தனியாத்தான் கேப்பாங்க!" என்று சித்தப்பாவுக்குக் கேட்கிற மாதிரி எறிந்தார். சித்தப்பா தன் தறியிலிருந்தே தலையாட்டினார். அன்று ராத்திரி எனக்கு ஒரு அப்பளம் கூடுதல். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்குக் காது சூடாகிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பாங்கு வேலைக்காரர் பையன். அவனிடம் நுனியில் ரப்பர் வைத்த மஞ்சள் பென்சில் ஒன்று இருந்தது. ஊரிலேயே அழகான பொருள் அதுதான் என்று நினைத்திருந்தேன். அவன்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினான். நான் வாயைத் திறந்தால் உடனே இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வான். பிறகு பின்பெஞ்சு, பிறகு முன்பெஞ்சு என்று அது வகுப்பு முழுவதும் பரவியது. நானும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றே வாயைத் திறந்து திறந்து மூடுவேன். விரல்கள் ஏறி ஏறி இறங்கும். பொம்மலாட்டக்காரன் மாதிரி இருந்தது.

ஒரு மதியம் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. வாயைத் திறந்தேன். கொட்டாவிதான். வகுப்பில் எல்லாக் காதிலும் விரல். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, கொசுவை அடிப்பதுபோல் தன்னால் போன விரல்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டாவியைப் பாதியில் விழுங்கினேன். அன்றிலிருந்து வாயைத் திறப்பதற்கு முன் நாலு பக்கமும் பார்க்க ஆரம்பித்தேன்.

டீச்சருக்கும் என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "என் காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லு பாக்கலாம்" என்பார். முகப்பவுடர் வாசனையும் சாக்பீஸ் வாசனையும் கலந்த அந்தக் காதுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டை ரகசியமாகச் சொன்னேன். இந்த நாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை ரகசியமாக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சத்தம் ஏறாமல் சொல்லி முடித்தால் ஒரு பெப்பர்மிண்ட். காலாண்டுப் பரீட்சைக்குள் நான் திருந்திவிட்டேன். டீச்சர் என்னைத் தலைமையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு போய், "இவன்தான் சார். இப்ப எவ்வளவு அமைதியான பையன் தெரியுமா?" என்றார். அவர் என் தோளில் தட்டினார். நல்லவர்கள் இரண்டு பேரும்.

சனியன், அந்த ரகசியக் குரல் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. என்கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்பேன்.

"இன்னாடா!" டக். "இன்னா!"

மறுபடி சொல்வேன். அதற்குள் அவள் கண் பாவு நூலுக்குப் போயிருக்கும். தறி நின்ற பிறகு சொல்லலாமே என்பீர்கள். தறி நின்றாலும் அவர்கள் காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். உரக்கச் சொல்ல வேண்டியதுதானே என்றால், வாயைத் திறந்ததும் எனக்கு அந்த விரல்கள் கண்முன் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் தட்டை நீட்டினேன், டம்ளரைத் தட்டினேன், கையைக் காட்டினேன். அப்புறம் அதுவும் போயிற்று.

"புள்ளைக்கு வாய் கட்டிப்போச்சி" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். தெருவே வந்து வைத்தியம் சொன்னது. வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து என் நாக்கில் தடவினார்கள். அந்தக் காரலும் கசப்பும் இப்போது எழுதும்போதும் நாக்கின் ஓரத்தில் வருகிறது. தர்காவில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார்கள். குமரகோட்டத்து முருகனுக்கு வேண்டுதல் நடந்தது. ஒரு பெரியவர் என் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "நாக்கு இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"எதையோ பாத்து பயந்துக்கினு இருக்குது" என்றார் அப்பா. "அந்த இஸ்கூலு ஒத்துக்கலபோல. நிறுத்திடலாம்மே. தறியில ஒக்காரட்டும்."

"நான் ஒரு வாட்டி போயி டீச்சரக் கேட்டுட்டு வரேன்" என்றாள் அம்மா. "அங்கயாவது பேசுதான்னு பாப்பம். அங்கயும் பேசலன்னா நீ சொன்னாப்பலியே செய்யி."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைத் தறியில் உட்கார வைப்பது பற்றிக்கூட இல்லை. அம்மா அந்த வகுப்பு வாசலில் வந்து வாயைத் திறப்பாளே, அதுதான். வேண்டாம் என்று தலையாட்டினேன். பாவம், டீச்சர் அடிக்கிறாள்போல என்று அம்மா புரிந்துகொண்டு, மறுநாளே புறப்பட்டுவிட்டாள்.

மழை விட்டிருந்த கார்த்திகை மாதத்து முற்பகல். அம்மா வாசலில் நின்றாள். தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறாள்; புடவையெல்லாம் பட்டு நூல் துணுக்கு, முன்தலை முடியில் ஒரு சிவப்பு இழை.

"டீச்சர்!"

"யாரும்மா?" என்று டீச்சர் கேட்பதும், "இவன் அம்மா!" என்று அவள் எறிவதும் மோதிக்கொண்டன.

நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது. நான் பென்சில் தேடுகிற சாக்கில் பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் பாதம் மட்டும் தெரிந்தது. தறியின் மிதிக்கட்டையை மிதித்து மிதித்துத் தேய்ந்த பெருவிரல்.

"எம்புள்ள!" என்றாள். நின்றாள். "வூட்ல!" நின்றாள். "பேச மாட்டேங்குது டீச்சர்!" அந்த இடைவெளிகளில் தறி அடிப்பது எனக்கு மட்டும் கேட்டது. "இங்கியாவது!" நின்றாள். "பேசுதா!"

"இங்க நல்லாப் பேசறானே" என்றார் டீச்சர், தன் மெல்லிய குரலில். "ரொம்ப அமைதியா, அழகாப் பேசறான்."

அம்மா காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "இன்னா டீச்சர்!"

டீச்சர் திருப்பிச் சொன்னார். அம்மா ஓரடி முன்னால் வந்தாள். "இன்னா!"

பின்பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "டேய், நீயே வந்து உங்க அம்மாகிட்ட சொல்லுடா" என்றார்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்து வாசல் வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. அம்மாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் எறிய வேண்டும். எறிந்தால் விரல்கள் ஏறும். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். குனிந்தாள். தேங்காயெண்ணெயும் கஞ்சியும் மணக்கும் அவள் காதில், டீச்சர் பழக்கிய குரலில் சொன்னேன்: "நான் இங்க பேசறேம்மா. நல்லாப் பேசறேனாம்."

அம்மா குனிந்தபடியே இருந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு!" என்றாள். இன்னொரு வாட்டி சொன்னேன். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர். "அய்யோ டீச்சர்! எம்புள்ளைக்கு! வாய் வந்துடுச்சி!" என்று சிரித்துக்கொண்டே வகுப்பைப் பார்த்தாள், பிள்ளைகளும் சேர்ந்து சந்தோஷப்படட்டும் என்பதுபோல.

எல்லாக் காதிலும் விரல்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். "ஏன் டீச்சர்!" என்றாள். நின்றாள். "கொழந்தைங்க எல்லாத்துக்கும்! காது வலியா!"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவின் தலையில் ஒட்டியிருந்த சிவப்பு இழையைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா. மழைக்காத்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, தொண்டையைச் செருமி, எனக்குத் தெரிந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "உங்க வீட்டுல எத்தன தறி?"

"மூணு டீச்சர்!"

"மூணா" என்றார், தனக்குள். விரல்கள் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து இறங்கின. அந்த மஞ்சள் பென்சில்காரனுடையதுதான் கடைசி.

அதற்குப் பிறகு டீச்சர் என்னைத் தாழ்வாரத்துக்கு அனுப்பவில்லை. ரகசியமாகச் சொல் என்றும் கேட்கவில்லை. சொல்லப்போனால் என்னை எதுவுமே கேட்கவில்லை. பக்கத்தில் வந்தால் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அந்த வகுப்பில் மீதி வருஷம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓட்டினோம். பெற்றவர்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, மதிப்பெண் தெரிந்துகொள்ளலாம், நடத்தை தெரிந்துகொள்ளலாம். அங்கே பிள்ளை தன் வீட்டைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு வருகிறான் என்பதை எந்த டீச்சர் சொல்லுவார்?

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அடுப்பில் பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "பாவம், அந்த இஸ்கூல் புள்ளைங்க எல்லாத்துக்கும் காது வலி" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "நாளைக்கு புட்டில ஊத்தித் தரேன்! எடுத்துக்கினு போயி! ஆளுக்கு ரெண்டு சொட்டு வுடு!" என்றாள் என்னைப் பார்த்ததும்.

அப்பா பலகையைப் பிடித்து நிறுத்தினார். சித்தப்பாவுக்குக் கையைக் காட்டினார். அவர் தறியும் நின்றது. பாதி வரிசையில் அப்பா தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. வீடு முழுக்கப் பூண்டு வாசனையும் ஒரு பயங்கரமான அமைதியும்.

"இங்க வாடா" என்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குரலைத் தணிக்க முயன்று, அது அவருக்கு வராமல், கரகரத்தது. "அதெப்பிடிடா எல்லாப் புள்ளைக்கும் ஒரே நாள்ல காது வலிக்கும்? உங்கம்மா வர்றதுக்கு முன்னாடியே வலிச்சிதா, இல்ல வந்தப்புறமா?"

அம்மா கரண்டியோடு திரும்பி நின்றாள். எண்ணெய் பொரிகிற சத்தம்கூடக் கேட்டது.

"முன்னாடியேதான்பா" என்றேன். "நான் சேர்ந்ததுலேர்ந்தே."

"பாத்தியா, நான் சொல்லல? அந்தக் கட்டடமே ஈரம்" என்றாள் அம்மா, பெரிய நிம்மதியோடு.

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதியின்மேல் கால் இருந்தது, அழுத்தவில்லை. "வேற எதுனா சொல்லணுமாடா?" என்றார்.

எவ்வளவோ இருந்தது. இரண்டு தறியும் எனக்காக நிற்கின்றன. அம்மா கரண்டியும் கையுமாக நிற்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் மிதியை அழுத்தாமலே இருந்தார். பிறகு அழுத்தினார்.

தறி ஓட ஆரம்பித்ததும் எனக்கு வாய் வந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றது, கொட்டாவி, விரல்கள், பெஞ்சுக்கு அடியில் குனிந்தது எல்லாவற்றையும், அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, டீச்சர் பழக்கிய அந்த நல்ல குரலில், ஒன்று விடாமல் சொன்னேன். அப்பாவின் கண் நூலில் இருந்தது. எண்ணெயைப் புட்டியில் வடிகட்டிக்கொண்டிருந்த அம்மாதான் என் வாய் அசைவதைப் பார்த்தாள்.

"பாருய்யா!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

டக்.

"பேசிக்கினே!"

டக்.

"இருக்குது!"